யோகநாதன் அண்ணை காய்ச்சாத கூழ்

முன்பின் தெரியாத மனிதர்களின் துக்கத்தில் நான் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு முறை இரு முறை அல்ல, ஒரு வருடத்துக்கு மேலாக. (தெரிந்தவர்களின் துக்கத்தில் சாப்பிட்டால் அதற்கு உறவு என்று பேர். தெரியாதவர்களின் துக்கத்தில் சாப்பிட்டால் என்ன பேர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் கோவிக்கமாட்டேன்.) இதை இவ்வளவு காலமும் எழுதாமல் இருந்ததற்கு வெட்கம் ஒரு காரணம். புத்தூரில் இருந்த ஒரு ரீச்சருக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு காரணம். "நான் இருக்குமட்டும் உதை எழுதிப்போடாதையும்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த வாக்கு இந்த வருடம் தீர்ந்துவிட்டது.

கட்டடக்கலையில் மேற்படிப்புக்கு எனக்குப் பரிஸ் நகரத்தில் புலமைப்பரிசில் கிடைத்தது. சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக அம்மா கற்கண்டு கொடுத்தார். மகன் பரிஸில் எப்படி இருப்பான் என்று அம்மா மனதில் ஒரு படம் வைத்திருந்தார். அந்தப் படத்தில் நான் நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் நின்றேன். கோட்டு மட்டும் உண்மை. அது எனக்கு முன் அந்த அறையில் இருந்தவர் விட்டுப்போனது.

அறை ஏழாம் மாடியில், கூரைக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் நடுவில் ஒரு பாய் அகலம்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்த நகரத்தை என்னைப் போல் அனுபவித்தவன் இருக்கமாட்டான். மாணவர் அட்டையைக் காட்டினால் அருங்காட்சியகங்களில் சும்மா விட்டார்கள். குளிர்காலத்தில் ஒரே ஓவியத்தின் முன்னால் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். அந்த அறையில் சூடு நன்றாக இருந்தது. காவலுக்கு இருந்த பெண்மணி என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்து, ஒருநாள் தன் கதிரையைத் தந்தார். ஞாயிறு பின்னேரங்களில் தேவாலயங்களில் ஓர்கன் வாசிப்பார்கள், அதுவும் இலவசம். பூங்காவில் இரும்புக் கதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். வெதுப்பகத்துப் பெண்மணி கடை பூட்டுகிற நேரம் உடைந்த பாண் துண்டை உறையில் போட்டு நீட்டுவார். நான் அதை ஆற்றங்கரைச் சுவரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். பாலங்கள் ஒவ்வொன்றையும் கொப்பியில் கீறி வைத்திருக்கிறேன். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போவேன், சீமான் போல.

ஒன்றே ஒன்றுதான் இல்லை. சோறு. அறையில் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரியின் சட்டம். பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்கை ஏழு விதமாகத் தந்தார்கள், ஏழும் ஒரே ருசி.

வட ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் ஆட்களின் கடைத்தெரு இருக்கிறது. அங்கே வாசனை பிடிப்பதற்காகவே நான் போவதுண்டு. கடைக் கண்ணாடிகளில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். ஒருநாள் அதில் ஒன்றை முழுவதுமாக வாசித்தேன். முப்பத்தோராம் நாள் கிரியை நடக்கும் மண்டபம், நேரம், மதியபோசனம் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. கடைசி வரியில், உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். நான் ஏற்றுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கென்றால் எங்கள் பக்கத்தில் அழைப்பு வேண்டும், கையில் என்வலப் வேண்டும், மாப்பிள்ளை பகுதியா பொம்பிளை பகுதியா என்று ஆராவது விசாரிப்பார்கள். சாவுக்கு அப்படியில்லை. கேள்விப்பட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். வந்தவனை நீ ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை, வராதவனைத்தான் கேட்பார்கள். இந்தப் பெரிய மனதை நான் ஒரு ஓட்டையாகப் பார்த்தேன் என்பதுதான் என்னைப் பற்றி நீங்கள் அறிய வேண்டிய முதல் விஷயம். கிரியை முடிகிற நேரம் பார்த்துப் போவேன். படத்துக்குப் பூப் போடுவேன். நாலாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். ஆராவது "நீர் என்ன முறை?" என்று கேட்டால், "அண்ணையைத் தெரியும்" என்பேன். பரிஸில் எழுபது வயது வரைக்கும் எல்லோரும் அண்ணைதான், ஆகவே அது பிழையாகப் போனதில்லை. பிறகு சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மோர்மிளகாய், வடை, பாயாசம். வரும்போது கையில் ஒரு கல்வெட்டும் தருவார்கள். (இறந்தவரின் படம், வம்சாவழி, உறவினர் பேரில் புலம்பல் பாட்டு எல்லாம் அச்சடித்த புத்தகத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.) என் கட்டிலுக்குக் கீழே ஒரு அடுக்குக் கல்வெட்டு இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இரண்டாம் வருடக் கார்த்திகையில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை, யோகநாதன் என்பவரின் முப்பத்தோராம் நாளுக்குப் போனேன். ரயில் பாதை முடிகிற புறநகரில் மண்டபம். கதவைத் திறந்தவுடனேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பெரிய மண்டபம், நூறு கதிரை, இருபது பேர். எல்லோரும் ஆம்பிளைகள், எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நாலாம் வரிசை என்று ஒன்று இல்லை, இரண்டோடு முடிந்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்று ஒரு காலை எடுத்தேன். சமையல் அறைப் பக்கமிருந்து வடை பொரிகிற வாசம் வந்தது. எடுத்த காலை உள்ளே வைத்தேன்.

"வாரும் தம்பி, வாரும்" என்று ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். கழுத்தில் கம்பளிச் சால்வை, மூக்கு சிவந்திருந்தது. அவர் பேர் சின்னராசா. யோகநாதனோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர், இந்த ஒழுங்கெல்லாம் அவருடையதுதான். "யோகனைத் தெரியுமோ?"

"அண்ணையைத் தெரியும்" என்றேன்.

அந்த மனிதரின் கண் கலங்கியது. "நல்ல காலம், ஒரு இளம் பெடியனும் வந்திருக்கிறீர். அவருக்குப் பெண்சாதி பிள்ளையள் இல்லைத்தானே. ஊரிலை ஒரு அக்கா மட்டும்தான். அவ இதிலை பாத்துக்கொண்டிருக்கிறா" என்று முன்னால் முக்காலியில் பூட்டியிருந்த கைத்தொலைபேசியைக் காட்டினார். நேரலை. நான் அந்தக் கண்ணாடிப் புள்ளியைப் பார்த்துக் கும்பிட்டேன். இவ்வளவு நாளும் நான் போன இடங்களில் ஒளிப்பதிவு இருந்ததா என்று அப்போதுதான் ஒரு பயம் வந்தது.

இரங்கலுரைகள் முடிந்த பிறகுதான் சாப்பாடு. முதலில் ஒருவர் எழும்பினார். "யோகன் வேலைக்கு நேரத்துக்கு வருவார். ஒருத்தரோடையும் கொளுவிச் சண்டை பிடிக்கமாட்டார்" என்றார், கொஞ்ச நேரம் ஒலிவாங்கியைப் பார்த்தார், போய்க் கதிரையில் இருந்துவிட்டார். இரண்டாமவர், "அமைதியான மனிசன்" என்று மட்டும் சொன்னார். மூன்றாமவர் எழும்பி, படத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, மூடி, இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதென்ன, முப்பது வருடம் பழகியவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காது.

சின்னராசா அண்ணை தொலைபேசியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். ஊரில் அக்கா பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கை முடிந்துவிட்டதே என்று அவருக்கு அந்தரமாகப் போய்விட்டது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. ரெண்டு வார்த்தை வந்து சொல்லும்."

"ஐயோ, நான் வேண்டாம் அண்ணை."

"அவவுக்காகச் சொல்லும் தம்பி. நீர் சொல்லி முடிய சாப்பாடு."

கடைசி வசனம்தான் என்னை எழுப்பியது. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை.

உள்ளே வரும்போதே தந்த கல்வெட்டு கையில் இருந்தது. மெலிந்த புத்தகம். உள்ளே ஒரே ஒரு புலம்பல், 'சகோதரி புவனேஸ்வரி, புத்தூர்' என்று போட்டு நாலு வரி. அதை வைத்துக்கொண்டு தொடங்கினேன். பரிஸில் முதல் குளிர்காலத்தில் நான் தனித்துப்போய் இருந்தபோது யோகநாதன் அண்ணைதான் என்னைத் தெருவில் கண்டு கூட்டிப்போனார் என்றேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது? எனக்கு அப்போது மூன்று மாதமாகக் கூழ் ஆசை. கண்ணை மூடினால், காய்ந்த பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற்கூழ்தான் தெரியும். வாய் தானாக அங்கே போய்விட்டது.

"ஞாயிற்றுக்கிழமையிலை அண்ணையின்ரை அறையிலை கூழ். ஒடியல் மாவுக்கு எங்கையோ அலைஞ்சு வாங்கிக்கொண்டு வருவார். நண்டு, மீன் தலை, இறால். இறால் எண்டா அண்ணைக்கு உயிர். கை நிறைய அள்ளிப் போடுவார். என்னைப் போலை படிக்கிற பெடியள் நாலைஞ்சு பேர் சுத்தி இருப்பம். ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடிச்சுப்போட்டு, 'எண்டாலும் என்ரை அக்கா காய்ச்சுற கூழ் மாதிரி வராதடா தம்பியவை' எண்டு சொல்லுவார். அக்காவைப் பற்றிக் கதைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதில்லை."

சின்னராசா அண்ணை சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. இன்னொருவர் கூரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்தார். பின்னால் ஒருவர் இருமல் வந்து வெளியே ஓடினார். அழுகையை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன். என் பேச்சில் நானே உருகி, எனக்கும் இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது. (உருகாமல் என்ன செய்யும், அவ்வளவு பசி.) பத்து நிமிடம் பேசினேன்.

சாப்பாட்டில் என்னைத் தனியாகக் கவனித்தார்கள். உதட்டைக் கடித்தவர் வந்து குனிந்து, "நல்லாப் பேசினீர் தம்பி. அந்த இறால்..." என்று தொடங்கி, நிறுத்தி, மூச்சை இழுத்து, "இன்னொரு வடை போடட்டோ?" என்றார். போடச் சொன்னேன்.

திரும்பி வரும் ரயிலிலேயே அம்மாவின் அழைப்பு வந்தது.

"மோனை, யோகநாதனை உனக்குத் தெரியும் எண்டு நீ ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

எந்த யோகநாதன் என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் துணிவில்லை. விஷயம் இதுதான்: புத்தூர் புவனேஸ்வரி என்பவர் மனையியல் படிப்பித்த புவனம் ரீச்சர். அம்மாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசை. அம்மாவுக்கு நேரலை இணைப்பை அனுப்பியதே அவர்தான்.

"நான் கதிரையிலையிருந்து விழாத குறை. என்ரை பிள்ளை எண்டு பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுக் காட்டினனான். நல்ல வடிவாப் பேசினாய். ஆனா ஏன்ராப்பா நாலு வடை சாப்பிட்டனி? சாப்பிடேக்கையும் உவங்கள் போனை நிப்பாட்டேல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தனான்."

"அம்மா..."

"கேள். புவனம் போன் எடுத்து அழுதவ. உனக்குத் தெரியுமே, ஆறு வரியமா அவையள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. தாய் செத்தநேரம் யோகநாதன் வரேல்லை எண்டு, 'இனி எனக்குத் தம்பியில்லை' எண்டு சொல்லிப்போட்டு போனை வைச்சவவாம். அதுக்குப் பிறகு அவன் எடுக்கவேயில்லை. இவவும் எடுக்கேல்லை. உப்பிடியே ஆள் செத்துப்போட்டுது. நீ இண்டைக்கு அந்தக் கூழ்க் கதையைச் சொன்னியே, அதுதான் அவவுக்கு. உன்னோடை கதைக்கவேணுமாம்."

ரயில் சுரங்கத்துக்குள் போனது. தொடர்பு அறுந்தது. அது வெளியே வராமலேயே போகக்கூடாதா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு அறிவித்தலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. உருளைக்கிழங்கையே சாப்பிட்டேன். ரீச்சரின் அழைப்பு வரும்போதெல்லாம் சோதனை என்றும், செய்முறை என்றும், தொண்டை கட்டிவிட்டது என்றும் தகவல் அனுப்பினேன். நகரமும் முன்போல் இல்லை. ஓவியத்துக்கு முன்னால் நின்றால், 'அவன் என்னைப் பற்றி என்ன சொன்னவன்?' என்று ஒரு அக்கா கேட்பது போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த மனுசியிடம் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வேன். சொல்லாவிட்டால் காலம் முழுவதும் செத்துப்போன மனிதனின் குரலில் பொய் பேச வேண்டும். ஏழு மாதம் இதையே யோசித்து, படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். மூன்றாம் நாளே அம்மா மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி இருந்துகொண்டு, "புத்தூருக்கு விடு" என்றார்.

சுன்னாகம் தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் போகும்போது, 'ரீச்சர், என்னை மன்னிக்கவேணும்' என்ற வசனத்தை மனதுக்குள் பதினெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா முதுகில் தட்டி, "என்ன முணுமுணுக்கிறாய், ரோட்டைப் பார்" என்றார்.

புவனம் ரீச்சர் உயரமான மனுசி. கண்ணாடியில் சங்கிலி கோத்திருந்தார். அழுவார் என்று பயந்துகொண்டு போனேன், அவர் அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "வாரும். கை காலைக் கழுவிப்போட்டு நேரை குசினிக்கு வாரும்" என்றார். குசினியில் எல்லாம் வரிசையாக இருந்தது: ஒடியல் மா, நண்டு, மீன் தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, ஒரு சட்டி நிறைய இறால். கதவுக்கு மேலே யோகநாதன் அண்ணையின் படம், கல்வெட்டில் இருந்த அதே படம்.

"என்ரை தம்பி உங்களுக்குக் காய்ச்சித் தந்த கூழை இண்டைக்குக் காய்ச்சுவம்" என்றார் ரீச்சர். "நீர் முறையைச் சொல்லும். நீர் சொல்லுறபடி நான் செய்யிறன்."

எனக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியும். அதற்கு மேல் சமையலில் எனக்கு எதுவும் தெரியாது. அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். கதவோரத்தில் இருந்த அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை எப்படிக் குறைந்துகொண்டு போனது என்பதை நான் பக்கவாட்டில் கண்டேன்.

"முதல்லை என்ன செய்தவன்?"

"முதல்லை... அடுப்பை மூட்டினவர்."

"அது சரி. பேந்து?"

"தண்ணி கொதிக்க வைச்சவர்."

"எவ்வளவு தண்ணி?"

"அளவா."

அம்மா கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார்.

"மாவை எப்ப போட்டவன்?"

"கொதிச்ச உடனை, ரீச்சர்."

"ஊறப்போட்டு, கசப்புத் தண்ணியை வடிச்சு ஊத்தேல்லையோ?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒடியல் மாவில் கசப்பு இருக்கும், ஊறவிட்டுத் தெளிந்த தண்ணீரை இரண்டு மூன்று தரம் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் கூழைக் குடிக்க மட்டும் தெரிந்தவன். "இல்லை ரீச்சர். அண்ணைக்கு அவ்வளவு பொறுமை இல்லை."

"ஓ. பொறுமை இல்லை." ரீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாவை அள்ளி அப்படியே கொதிதண்ணீரில் கொட்டினார். அது கட்டி கட்டியாகத் திரண்டது. "புளி?"

"புளி போடுறேல்லை."

"செத்தல் மிளகாய்?"

"கனக்க."

"எவ்வளவு கனக்க?"

"அண்ணை கையாலை அள்ளிப் போடுவார்."

அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ரீச்சர் நான் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. கடைசியில் இறால் சட்டியை அப்படியே கவிழ்த்தார். பிலாவிலையைக் கிண்ணம் போலக் கோலி, முள்ளுக் குத்தி, நிறைய வார்த்து, என் கையில் தந்தார்.

ஐயோ கடவுளே! அந்தக் கசப்பை எழுதுவதற்குச் சொல் இல்லை. வேப்பெண்ணெய்க்கு மிளகாய் அரைத்துப் போட்டால் ஓரளவு கிட்ட வரும். காது அடைத்தது.

"எப்பிடி? தம்பியின்ரை கைதானே?"

"அதே கை, ரீச்சர்" என்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அப்ப இன்னும் கொஞ்சம் குடியும்."

இரண்டாம் முறை வார்த்தார். குடித்தேன். மூன்றாம் முறை வார்த்தார். அதையும் வாய்க்குக் கொண்டுபோகும்போது, ரீச்சர் எனக்கு முன்னால் பலகையில் இருந்தார். குரல் முதல் தடவையாக மாறியது.

"உதைக் குடிச்சுப்போட்டு அவன் என்னைப் பற்றி என்ன சொன்னவன்? அந்த மண்டபத்திலை சொன்ன மாதிரியே, ஒருக்காத் திருப்பிச் சொல்லும்."

வாயைத் திறந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு முடியவில்லை.

"ரீச்சர், நான் யோகநாதன் அண்ணையைக் கண்டதேயில்லை. அங்கை நான் சாப்பாட்டுக்குப் போனனான்."

"என்ன?" என்றார் அம்மா.

ரீச்சர் என் கையிலிருந்த பிலாவிலையை வாங்கிக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார். "யோகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு பட்டாலே மூஞ்சை வீங்கிப்போம். எட்டு வயசிலை ஒருக்கா மூச்செடுக்க ஏலாமல் நீலம் பாரிச்சுப்போனான், நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான். அதுக்குப் பிறகு அவன் வெளிநாடு போகுமட்டும் இந்த வீட்டிலை கூழே காய்ச்சினதில்லை. அங்கை அவனோடை வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். நீர் 'இறால் எண்டா உயிர்' எண்டு சொன்ன உடனை சின்னராசா சால்வையாலை வாயைப் பொத்தினவர், நான் பாத்தனான்."

அவர்கள் அன்று அடக்கியது அழுகையை அல்ல, சிரிப்பை. எனக்கு நிலம் பிளக்க வேண்டும் போல் இருந்தது.

அம்மாதான் கேட்டார். "அப்ப ஏன் புவனம் எனக்குப் போன் எடுத்து அப்பிடி அழுதனீர்?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "பொய் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான். ஆனா அந்தச் சொல்லுக்கு நான் ஆறு வரியமாக் காத்திருந்தனான். அது வந்த நேரம் அழுகையும் வந்திட்டுது. நான் என்ன செய்ய?" கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அந்த மண்டபத்திலை என்ரை பேச்சை ஒருத்தரும் எடுக்கேல்லை. உவன் ஒருத்தன்தான் எடுத்தவன், கல்வெட்டைப் பாத்தெண்டாலும்" என்றார்.

நான் அழுதேன். மண்டபத்தில் வந்த மாதிரி இரண்டு சொட்டு அல்ல. வெட்கத்தில், மூக்கைச் சிந்தி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். ரீச்சர் அழ விட்டார். பிறகு, "அழுதது காணும். மனையியலிலை உமக்கு முட்டை" என்று சொல்லிவிட்டு எழும்பி, மூடியிருந்த மற்றச் சட்டிகளைத் திறந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, பாயாசம். காலையிலேயே எல்லாம் சமைத்து வைத்திருந்தார். "சாப்பாட்டுக்குத்தானே அங்கை போனனீர்? இஞ்சை நான் கூப்பிட்டு வந்தனீர். வடிவாச் சாப்பிடும்."

அம்மா என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் சித்திக்குத் தொலைபேசியில் முழுக்கதையையும் சொல்லிச் சிரித்தது கேட்டது. அதோடு என் மானம் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஆராவது செத்தவீட்டுக்குப் புறப்பட்டால், இன்றுவரைக்கும், செருப்புப் போடுகிற நேரம் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "செத்தவருக்கு இறால் ஒத்துக்கொள்ளுமோ எண்டு முதலே விசாரிச்சுச் சொல்லுங்கோ, இவன் பேசினாலும் பேசுவான்."

ரீச்சர் எனக்கு ஒரு தண்டனை வைத்தார். யோகநாதன் அண்ணையின் ஆட்டைத் திவசத்துக்கு வருடா வருடம் நான் வர வேண்டும். வந்தேன், ஏழு வருடம். ஒவ்வொரு வருடமும் சாப்பாட்டுக்கு முன் அவர் தம்பியைப் பற்றி ஒரு உண்மைக் கதை சொல்வார், நான் அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னால்தான் வடை. கோயில் தேரில் ஏறி விழுந்து பல் உடைந்தது, சைக்கிளை விற்று அக்காவுக்குக் கைமணிக்கூடு வாங்கியது, விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனது. நான் காணாத அந்த மனிதனைப் பற்றி இன்று ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் அக்காவைப் பற்றி அங்கே என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்கும் தெரியாது, ரீச்சருக்கும் தெரியாமலே போய்விட்டது.

இந்த வருடம் பங்குனியில் புவனம் ரீச்சர் காலமானார். முப்பத்தோராம் நாள் புத்தூர் வீட்டில் பந்தல் போட்டு, ஊர் முழுக்க வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன் இரங்கலுரை. "ரீச்சரின்ரை பிள்ளை மாதிரி இருந்தவர்" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. அவர் படம், யோகநாதன் அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன்.

"ரீச்சர் நல்லாச் சமைப்பா" என்றேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். வந்து இருந்தேன்.

பக்கத்தில் அம்மா முன்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, குனிந்து, மெல்லச் சொன்னார்:

"அவவுக்கு இறால் ஒத்துக்கொள்ளும். அதையாவது சொல்லியிருக்கலாம் மோனை."